ஊற்றை அடைத்தவர்களும் வாயை அடைத்துக்கொண்ட ஊரும்

பிரெஞ்சு க்ரைம் படம் என்றால் மழைக்கோட்டு, துப்பாக்கி, இரவு நேரத்து பாரிஸ் தெரு என்றுதான் நமக்கு மனதில் ஓடும். இதில் அதெல்லாம் கிடையாது. துப்பறிகிற ஆள் கிடையாது, கோர்ட் காட்சி கிடையாது, துரத்தல் கிடையாது. கொலைக் கருவியைக் காட்டு என்றால் ஒரு மர அடைப்பும் கொஞ்சம் சிமெண்டும்தான் காட்ட முடியும். ஆனாலும் குடும்பம், சொத்து, பேராசை என்று எடுக்கப்பட்ட பிரெஞ்சுப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்: ‘ழான் த ஃப்ளோரெத்’, அதன் தொடர்ச்சியான ‘மனோன் தே சூர்ஸ்’. இயக்கம் கிளோத் பெர்ரி. இரண்டும் 1986இல் வந்தவை, முதலாவது ஆகஸ்டில், அடுத்தது நவம்பரில். இரண்டு படம் என்று சொல்கிறோமே தவிர ஒரே கதை, ஏழு மாதம் ஒன்றாகவே படமாக்கி நடுவில் வெட்டி இரண்டாக வெளியிட்டார்கள். மொத்தம் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

க்ரைம் படமா இது, கிராமத்துக் கதை அல்லவா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ஒருவனுக்குச் சேரவேண்டிய சொத்தைத் திட்டம் போட்டு மதிப்பில்லாமல் ஆக்கி, அவனை அணு அணுவாக உருக்குலைய வைத்து, அந்தச் சொத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குவது குற்றம் இல்லை என்றால் வேறு எது குற்றம்? இங்கே இன்னொரு சங்கதியும் இருக்கிறது. குற்றம் செய்த கைகள் நாலுதான், ஆனால் அதைத் தெரிந்துகொண்டே கமுக்கமாக இருந்தது ஊர் முழுக்க. என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. பேராசையைப் பற்றி எத்தனையோ படம் இருக்கிறது, பேசாமல் இருந்தவர்களைப் பற்றி இவ்வளவு பொறுமையாக எடுத்த படம் குறைவு.

கதை நடப்பது தெற்குப் பிரான்சில், ப்ரோவான்ஸ் மலைப்பகுதியில், முதல் உலகப்போர் முடிந்து சில வருடங்கள் கழித்து. ஊர் கற்பனை ஊர். பக்கத்தில் இருக்கிற ஒபாஞ் நிஜமான ஊர், மர்செய் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் மலை, முட்செடி, ஆலிவ் மரம், எங்கேயாவது ஒரு ஊற்று. தண்ணீர் இருக்கிற நிலத்துக்கும் இல்லாத நிலத்துக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்த ஊரில் செசார் சுபேரான் என்று ஒரு கிழவர். ஊரே அவரை ‘பாபே’ என்று தாத்தா முறை வைத்துக் கூப்பிடுகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு காலத்தில் பெரிய தலைக்கட்டாக இருந்த குடும்பம், இப்போது மிஞ்சியிருப்பது அவரும், உறவில் மகன் போன்ற உகோலான் என்கிற இளைஞனும் மட்டும். ராணுவச் சேவை முடித்துத் திரும்பி வருகிற உகோலான் கார்னேஷன் பூச்செடிகளோடு வருகிறான். யாருக்கும் சொல்லாமல் கொஞ்சமாக வளர்த்துப் பார்க்கிறான். பூ வளர்க்கிற விவசாயியா என்று பாபே முதலில் சிரிக்கிறார். சந்தையில் அந்தப் பூவுக்குக் கிடைக்கிற விலையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த முகத்தைப் பாருங்கள்: பாபேயாக நடிக்கும் இவ் மொந்தான் ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை, ஆனால் கணக்குப் போடுவது நமக்குக் கேட்கிறது.

கார்னேஷனுக்குத் தண்ணீர் ஏகமாக வேண்டும். பக்கத்து நிலத்தில் ஒரு ஊற்று இருக்கிறது, பல வருடமாகக் கவனிப்பாரில்லாமல் தூர்ந்து கிடக்கிறது. நிலத்துக்காரக் கிழவனிடம் விலை பேசப் போகிறார்கள், அவன் சுபேரான் குடும்பத்தையே கேவலமாகத் திட்டுகிறான், கைகலப்பில் அவன் தலை கல்லில் அடிபடுகிறது. கிழவன் செத்தும் போகிறான். நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்திலேயே ஒரு கொலை வழக்கு ஆரம்பிக்க வேண்டும். மரத்திலிருந்து விழுந்திருப்பான் என்று ஊர் பேசி முடித்துவிடுகிறது. அதற்கப்புறம் அந்தக் கிழவனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, நிலம் யாருக்குப் போகும் என்பதுதான் பேச்சு.

நிலம் கிழவனின் தங்கை ஃப்ளோரெத்துக்குப் போகவேண்டியது. இளம்வயதில் பக்கத்து ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். அவளும் இறந்துவிட்டதால் அவள் மகன் ழானுக்குப் போகிறது. ழான் நகரத்தில் வரி வசூல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன், முதுகில் கூன். தண்ணீர் இல்லாத நிலம் என்றால் விற்றுவிட்டுப் போவான் என்று கணக்குப் போட்டு, அவன் வருவதற்கு முன்னாலேயே பாபேயும் உகோலானும் ராவோடு ராவாக அந்த ஊற்றைத் தோண்டிக் கண்டுபிடித்து அடைத்துவிடுகிறார்கள். இந்தக் காட்சியை பெர்ரி அவசரப்படாமல் எடுத்திருக்கிறார். மண்ணைத் தோண்டுகிறார்கள், தண்ணீர் குபுக்கென்று வருகிறது, தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் உகோலானுக்குச் சிரிப்பு வருகிறது, அடுத்த நிமிடமே அதே தண்ணீரின் வாயை அடைக்கிறான். வேலை என்று பார்த்தால் சுத்தமான வேலை, இரண்டு நல்ல விவசாயிகள் கை கோத்துச் செய்கிற வேலை. அதனால்தான் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது.

ழான் வருகிறான். விற்கவில்லை. மனைவி எமேயையும் சின்ன மகள் மனோனையும் கூட்டிக்கொண்டு, வண்டி நிறைய சாமான் ஏற்றிக்கொண்டு, இங்கேயே குடியேறப் போகிறேன் என்று வருகிறான். எமே ஒரு காலத்தில் ஆப்பரா என்கிற மேற்கத்திய இசை நாடகத்தில் பாடியவள். அந்தக் குடும்பம் மலைமேட்டு வீட்டின் ஜன்னலைத் திறந்து வைத்து சந்தோஷப்படுகிற முதல் நாள் காட்சி எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பயமாக இருந்த காட்சி. ஒன்றுமே நடக்கவில்லை. நமக்கு ஊற்று விஷயம் தெரியும், அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ழானாக நடித்திருப்பது ழெரார் தெபார்தியூ, எமேயாக நடித்தவர் அப்போது நிஜ வாழ்க்கையிலும் அவர் மனைவியான எலிசபெத் தெபார்தியூ. ழான் புத்தகம் படித்து விவசாயம் கற்றுக்கொண்டவன். முயல் பண்ணை வைக்கிறான், முயலுக்குத் தீனியாக ஆசியாவிலிருந்து வந்த ஏதோ ஒரு பூசணி வகையை வளர்க்கிறான், பல வருட மழைக் கணக்கை வைத்துக்கொண்டு இந்த மாதம் இவ்வளவு மழை பெய்யும் என்று தாளில் எழுதி வைக்கிறான். இப்படிப்பட்டவனைக் கேலிப் பாத்திரமாக ஆக்குவது சுலபம், படம் அப்படிச் செய்யவில்லை என்பதுதான் அதன் பெரிய கெட்டிக்காரத்தனம். ஏனென்றால் அவன் கணக்கு சரியாகவே இருக்கிறது. முதல் வருடம் முயல் பெருகுகிறது, பூசணி படர்கிறது, சந்தையில் விற்பனை ஆகிறது. அவன் முட்டாள் இல்லை. அவன் தாளில் வராத ஒரே விஷயம் காலடியில் அடைக்கப்பட்டிருக்கிற ஊற்று.

அப்புறம் மழை பொய்க்கிறது. தொட்டித் தண்ணீர் தீர்கிறது. மலையில் வெகு தூரத்தில் இன்னொரு ஊற்று இருக்கிறது, அங்கிருந்து தண்ணீர் சுமக்கவேண்டும். அப்பா, அம்மா, குழந்தை, கழுதை எல்லாரும் நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்கள். கூன் முதுகில் தண்ணீர்ப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு தெபார்தியூ பாறையில் தடுமாறி நடக்கிற ஷாட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலருக்கு இது அலுக்கலாம், எனக்கும் ஒரு கட்டத்தில் போதும் என்றிருந்தது. ஆனால் அந்த அலுப்பு வேண்டுமென்றே நமக்குக் கொடுக்கப்படுகிறது என்று நினைக்கிறேன். ஒரு ஷாட்டில் காட்டி அடுத்த காட்சிக்குப் போயிருந்தால் நாம் அவனுக்காக இரக்கப்பட்டிருப்போம், அவ்வளவுதான். இப்படி மறுபடி மறுபடி பார்க்கும்போது உகோலான் மேல் கோபம் வருகிறது, ஏனென்றால் அவனும் நம்மோடு சேர்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உகோலானாக தனியேல் ஒத்தேய். அதுவரை அவரை ஜனங்களுக்கு நகைச்சுவைப் படங்களில்தான் தெரியும். இதில் செயற்கை மூக்கு வைத்து, பார்க்கவே சகிக்காத ஆளாக மாறியிருக்கிறார். ஆனால் வேஷம் பாதிதான், மீதி நடிப்பு. பாபே சொல்லிக் கொடுத்தபடி உகோலான் ழானிடம் நண்பனாக நடிக்கிறான், நடிக்க நடிக்க நிஜமாகவே அவனைப் பிடித்துப் போகிறது. ழான் நம்பி வீட்டுக்குள் கூப்பிடுகிறான், சாப்பாடு போடுகிறான், தன் கணக்கையெல்லாம் விரித்துக் காட்டுகிறான். கோவேறு கழுதையைக் கொஞ்சம் இரவல் கொடேன் என்று கேட்கும்போது உகோலான் முகத்தில் வருகிற குழப்பம் இருக்கிறதே, கொடுத்துவிடலாமா என்று ஒரு நொடி கண்ணில் வந்து போகிறது, அப்புறம் சாக்குச் சொல்கிறான். கெட்டவனாக இருப்பதற்குக்கூட ஒரு தைரியம் வேண்டும், அது அவனிடம் இல்லை. நல்லவனாக இருக்கவும் இல்லை. இந்த நடுவாந்தர ஆளை ஒத்தேய் நடித்த விதத்துக்கு 1987இல் சிறந்த நடிகருக்கான சேசார் விருது, அதாவது பிரெஞ்சு சினிமாவின் பெரிய விருது, கொடுத்தார்கள், நியாயமான விருது. சிறுமி மனோன் மட்டும் முதல் நாளிலிருந்தே அவனைப் பிடிக்காமல் விலகி நிற்கிறாள். ஒரு வார்த்தை சொல்வதில்லை, சும்மா பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு உகோலான் நெளிவதைப் பாருங்கள்.

இப்போது பாபே. மொந்தான் இத்தாலியில் பிறந்து மர்செயில் வளர்ந்தவர், பெரிய பாடகர், காதல் நாயகன். இந்தப் படத்தில் வெள்ளை மீசையும் கறுப்பு உடுப்புமாகக் கிழவராக வருகிறார். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதுதான், 1985 செப்டம்பரில், அவர் மனைவி சிமோன் சின்யோரே இறந்தார். அந்தத் துக்கம் திரையில் தெரிகிறதா என்று தேட நான் போகமாட்டேன். தெரிவது வேறு. பாபேக்கு எதுவும் தேவையில்லை. நிலம் இருக்கிறது, வீடு இருக்கிறது, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த தங்கக் காசு மறைத்து வைத்திருக்கிறது. அந்தப் பூவில் வரும் லாபம் இல்லாமலே அவர் நிம்மதியாகச் சாகலாம். அவர் ஆசை எல்லாம் குடும்பப் பேர் அழியக்கூடாது என்பதுதான்: உகோலான் சம்பாதிக்கவேண்டும், கல்யாணம் செய்யவேண்டும், பிள்ளை பெறவேண்டும், சுபேரான் என்ற பேர் மண்ணில் நிற்கவேண்டும். பணத்தாசை பிடித்த கிழவன் என்றால் அவனை வெறுத்துவிட்டுப் போகலாம். இவரோ வம்சத்துக்காகச் செய்கிறேன் என்று மனசார நம்புகிறார். குடும்பப் பாசம் என்று நாம் கையெடுத்துக் கும்பிடுகிற அதே சாமானை வைத்துத்தான் இவர் இன்னொரு குடும்பத்தை அழிக்கிறார்.

ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், காரணம் கேட்காதீர்கள்: பாபே ஒருமுறைகூட ழான் எதிரில் வந்து நின்று பேசுவதில்லை. தூரத்தில் நின்று பார்ப்பார், உகோலானை அனுப்புவார், கிட்டே வரமாட்டார். முதல் தடவை பார்க்கும்போது ஜாக்கிரதை என்று நினைத்தேன். முழுக் கதையும் தெரிந்து இரண்டாம் தடவை பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

இதற்கு மேல் முதல் படத்தின் முடிவு வருகிறது, தெரியவேண்டாம் என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

மேகம் திரண்டு வருகிற ராத்திரிக் காட்சி ஒன்று. இடி முழங்குகிறது, குடும்பமே வீட்டை விட்டு வெளியே ஓடி வந்து முகத்தைத் தூக்கி நிற்கிறது. மழை மலைக்கு அந்தப் பக்கம் பெய்துவிட்டுப் போகிறது. ழான் வானத்தைப் பார்த்துக் கத்துகிறான், மேலே யாருமே இல்லையா என்று. தெபார்தியூ இங்கே கொஞ்சம் மேடை நாடகம் போல் ஆகிவிடுகிறார் என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கும் லேசாக அப்படித் தோன்றியது. ஆனால் அதற்கு அடுத்து வருகிற காட்சிகளில், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கு விழுந்து, குரல் இறங்கி, கண் உள்ளே போய், நிலத்தை அடமானம் வைக்கிற அளவுக்கு வரும்போது அவர் நடிப்பில் ஒரு குறை சொல்லமுடியாது. அடமானப் பணம் கொடுப்பது யார் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. குச்சியை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறான், ஓரிடத்தில் கிணறு தோண்டுகிறான், பாறை வருகிறது, வேட்டு வைக்கிறான். வெடித்த உடனே தண்ணீர் வந்ததா என்று பார்க்க ஓடுகிறான், மேலே போன கல் கீழே வர அவகாசம் கொடுக்காமல்.

ழான் செத்த பிறகு உகோலான் அழுகிறான். அழுவது நான் இல்லை, என் கண்தான் என்கிறான் பாபேயிடம். இந்தப் படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வசனம் அதுதான், அவன் குணம் மொத்தமும் அதில் இருக்கிறது. அப்புறம் நிலம் கைக்கு வந்ததும் இரண்டு பேரும் போய் அடைப்பைப் பிடுங்குகிறார்கள். தண்ணீர் பீறிட்டு வருகிறது. பாபே அந்தத் தண்ணீரையே கையில் எடுத்து உகோலான் தலையில் விட்டு, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால் உன்னைக் கார்னேஷன் ராஜாவாக்குகிறேன் என்று ஞானஸ்நானம் கொடுக்கிறார். சிரிக்கிறார்கள். மறைவில் நின்று இதையெல்லாம் பார்த்த சிறுமி மனோன் அலறிக்கொண்டு ஓடுகிறாள். ஏதோ பறவை இரை பிடித்திருக்கும் என்று அந்த அலறலை இவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் படம் முடிகிறது.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நிலத்தில் ஊற்று இருந்தது ஊரில் இருக்கிற நடுவயதுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். மதுக்கடையில் உட்கார்ந்து அதைப் பற்றி ஜாடையாகப் பேசிக்கொள்கிறார்கள். ழான் போய்வருகிற ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு ஆள், ‘உன் நிலத்தில் அந்த அத்திமரத்துப் பக்கம் தோண்டிப் பார்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏன்? அவன் வெளியூர்க்காரன், பக்கத்து ஊர் ரத்தம், கூனன், படித்தவன் வேறு. அடுத்தவன் விவகாரத்தில் நமக்கென்ன என்பது அந்த ஊரின் வேதவாக்கு. அவன் ஃப்ளோரெத்தின் மகன், அதாவது தங்கள் ஊர்ப் பெண்ணின் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் இளகியிருப்பார்கள். அந்த ஒரு தகவலையும் ஊருக்குள் போகவிடாமல் பார்த்துக்கொண்டது பாபேயும் உகோலானும்தான். ரத்த சம்பந்தம் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் சாவு. இதை யாரும் வசனமாகப் பேசுவதில்லை, அதனாலேயே பலமாக இறங்குகிறது.

இரண்டாவது படம் பத்து வருடம் கழித்து ஆரம்பிக்கிறது. மனோன் வளர்ந்து மலையில் ஆடு மேய்க்கிறாள், எமானுவேல் பெஆர் நடித்திருக்கிறார். உகோலான் கார்னேஷனில் நன்றாகச் சம்பாதித்துவிட்டான். ஒருநாள் மனோன் மலைச்சுனையில் குளித்துவிட்டு, அப்பாவின் ஹார்மோனிக்காவை வாசித்துக்கொண்டு ஆடுவதை மறைந்திருந்து பார்க்கிறான், பித்துப் பிடித்துப் போகிறான். அவள் வைத்த பொறிகளில் திருட்டுத்தனமாக முயலையும் பறவையையும் போட்டு வைப்பது, மலையில் நின்று அவளிடம் காதலைக் கத்திச் சொல்வது, அவளுடைய ரிப்பனை எடுத்து ஊசி நூல் வைத்துத் தன் மார்புத் தோலிலேயே தைத்துக்கொள்வது என்று போகிறது. ரிப்பன் காட்சி சிலருக்கு அருவருப்பாக இருக்கும், குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிறவர்கள் அதையும் குளிக்கிற காட்சியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உகோலானை வெறுத்துக்கொண்டே அவனுக்காகப் பரிதாபப்பட வைக்கிறார் ஒத்தேய், எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மனோனுக்கு இரண்டு விஷயம் தெரியவருகிறது. ஒன்று, ஊருக்கே எல்லாம் தெரிந்திருந்தது. இன்னொன்று, ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் எந்தப் பாறைக்குள்ளிருந்து வருகிறது என்பது. அடுத்து என்ன செய்வாள் என்று ஊகிக்க ரொம்ப நேரம் ஆகாது. ஊர் வறண்டதும் வருகிற காட்சிகள் படத்தின் தமாஷான பகுதி. அரசாங்கத்திலிருந்து தண்ணீர் இன்ஜினியர் ஒருவர் வந்து, பூமிக்கடியில் என்னென்ன நடந்திருக்கலாம் என்று விலாவாரியாக விரிவுரை ஆற்ற, தண்ணீர் எப்போது வரும் என்று மட்டும் தெரியவேண்டிய கூட்டம் கொதித்துப் போகிறது. பாதிரியார் பிரசங்கத்தில் பாவம் செய்தவர்கள் யார் என்று ஜாடை காட்டுகிறார், மாதா கோயில் பெஞ்சுகளில் ஒவ்வொரு முகமாகக் காமிரா போகிறது. குற்றப் படத்தில் விசாரணைக் காட்சி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் விசாரணை.

குறைகளும் இரண்டாவது படத்தில்தான் இருக்கின்றன. புதிதாக வருகிற பள்ளிக்கூட வாத்தியாருக்கும் மனோனுக்கும் வருகிற காதல் ஒட்டவே இல்லை. அவர் நல்லவர், படித்தவர், சட்டை கசங்காதவர், வேறு ஒன்றும் சொல்வதற்கு இல்லை. மனோனுக்கு வசனமும் குறைவு. பெஆருக்குச் சிறந்த துணை நடிகைக்கான சேசார் கிடைத்தது, ஆனால் அவர் மலையில் நிற்பதும் ஓடுவதும்தான் அதிகம், அந்தப் பெண்ணுக்குள் பத்து வருடம் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது, படம் அதைச் சொல்லவே இல்லை. முதல் படத்தில் எட்டு வயசுக் குழந்தை மாதிரி இருக்கிற ஒரு பெண் சும்மா முறைத்துப் பார்த்து வாங்கின இடத்தை, வளர்ந்த மனோனால் வாங்கமுடியவில்லை.

இன்னொரு குற்றச்சாட்டு ரொம்ப நாளாகவே உண்டு, படம் அழகாக இருக்கிறது, தேவைக்கு மேல் அழகாக இருக்கிறது என்று. ப்ரூனோ நுய்த்தான் ஒளிப்பதிவு. வெயில் பட்ட கல்வீடு, பொன்னிறப் புல், ஆலிவ் மரம் எல்லாம் சுற்றுலாப் போஸ்டர் மாதிரி. அந்தக் காலக் கிராமத்தை உருவாக்க ரொம்பவே பாடுபட்டிருக்கிறார்கள்: மிராபோ என்ற ஊரில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோய், வீடுகளின் முகப்பில் வண்ணமடித்த தெர்மோகோல் ஒட்டிப் பழசாக்கி, வோஜின் என்ற இடத்தில் படப்பிடிப்புக்கு 12 மாதம் முன்னாலேயே ஆலிவ் மரங்களை நட்டுத் தண்ணீர் ஊற்றி, இரண்டாம் படத்துக்கு 10,000 கார்னேஷன் செடி வைத்து... அந்தச் சமயத்தில் பிரெஞ்சு சினிமாவில் இவ்வளவு செலவு செய்து யாரும் எடுத்ததில்லை. தண்ணீர் இல்லாமல் சாகிற ஒருவனின் கதையை எடுக்க மரத்துக்கு ஒரு வருடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்! குற்றச்சாட்டு எனக்குப் புரிகிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ழான் இந்த அழகைப் பார்த்துத்தானே வேலையை விட்டுவிட்டு வந்தான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்தால்தான் ஏமாற்றம் உறைக்கும்.

இசையில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும், ழான் ஹார்மோனிக்காவில் வாசிப்பது, வெர்டியின் ‘விதியின் வலிமை’ ஆப்பராவிலிருந்து எடுத்தது. வாசித்திருப்பவர் தூட்ஸ் தீலமான்ஸ். (இங்கிலாந்தில் ஒரு பீர் கம்பெனி இதே மெட்டை வைத்து இதே மாதிரிக் கிராமம் செட் போட்டு வருடக்கணக்கில் விளம்பரம் ஓட்டியதால் அங்கே பலருக்கு இதைக் கேட்டால் பீர் ஞாபகம்தான் வருமாம், பாவம்.) முதல் படத்தில் சந்தோஷத்துக்கு வாசித்த மெட்டு, அடுத்த படத்தில் மகள் கையிலிருந்து வரும்போது மலை மேல் நின்று கூப்பிடுகிற குரல் மாதிரி இருக்கிறது.

மூலக்கதை மர்செல் பான்யோலுடையது, அவர் ஒபாஞ்சிலேயே பிறந்தவர். விசித்திரம் என்னவென்றால் அவர் முதலில் எடுத்தது மகள் கதையை மட்டும், 1952இல் தானே இயக்கி, தன் மனைவி ழாக்லீனை மனோனாக நடிக்கவைத்து. அதில் அப்பாவுக்கு நடந்தது வாய்ப்பேச்சில் வரும் பழங்கதை. பத்து வருடம் போல் கழித்துத்தான் அதை இரண்டு பாக நாவலாக்கி அப்பாவின் கதையை முன்னால் வைத்தார். பெர்ரி எடுத்தது அந்த நாவல் வரிசையை. அது எவ்வளவு சரியான முடிவு என்பது இரண்டாவது படத்தின் கடைசி அரைமணி நேரத்தில் தெரியும். அங்கே ஒரு கண் தெரியாத கிழவி, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாபேயிடம் ஒரு பழைய கடிதத்தைப் பற்றிப் பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொல்கிறாள். என்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். அந்தக் காட்சியில் காமிரா வித்தை எதுவும் இல்லை, இசை உயரவில்லை, கிழவிக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்றுகூடத் தெரியாது. மொந்தான் முகம் மட்டும். சட்டம் கொடுக்காத தண்டனை எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் கொடுக்கப்பட்டுவிடுகிறது. அவர் செய்த நடிப்பில் இதற்கு மேல் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் விருது அவருக்குப் போகவில்லை.

முதல் படத்தை பிரான்சில் மட்டும் 70 லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள், பிரிட்டனில் 1988இல் சிறந்த படத்துக்கான பாஃப்டா என்கிற அந்நாட்டுத் திரைப்பட விருது கிடைத்தது. ஆக, அபூர்வமான கலைப்படம், மூன்று பேர் உட்கார்ந்து பார்ப்பது என்று பயப்படவேண்டாம். இது ஜனங்கள் கூட்டமாகப் பார்த்து அழுத படம், கதை நேராகப் போகும், யாருக்கும் புரியும். முதல் அரைமணி நேரம் மட்டும் கொஞ்சம் மெதுவாக இருக்கும், பூவும் நிலமும் பேரமுமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேசுவது தெற்கத்திப் பிரெஞ்சு, இழுத்துப் பேசுகிற அந்த ராகத்துக்காகவே டப்பிங்கைத் தொடாமல் சப்டைட்டிலோடு பாருங்கள்.

மதிப்பெண் கேட்டால் முதல் படத்துக்குப் பத்துக்கு ஒன்பதரை, இரண்டாவதற்கு எட்டு. வாத்தியார் காதலுக்கு ஒரு மார்க், மனோனைப் பேசவிடாததற்கு ஒரு மார்க் போய்விட்டது. இரண்டாவதை மட்டும் தனியாகப் பார்ப்பது வீண், வரிசை மாற்றிப் பார்ப்பது அதைவிட வீண். கதைச் சுருக்கம் எதையும் முன்னாடியே தேடிப் படிக்காதீர்கள், பல இடங்களில் அந்தக் கிழவி சொல்கிற விஷயத்தைச் சுருக்கத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறார்கள். முடிந்தால் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பாருங்கள். நவம்பர் வரை காத்திருந்த அந்தக் காலத்துக்காரர்களை நினைத்தால் ஒரு நாள் பெரிய விஷயமே இல்லை.